உங்களுக்குத் தெரியுமா? ரத்தக் குப்பியில் இதயமும் கிருமியும்

● கல்லீரல் பரிசோதனை ரிப்போர்ட்டில் 'எஸ்.ஜி.ஓ.டி.' என்று ஒரு வரி இருக்கும், பார்த்திருப்பீர்கள். அது முதலில் பெயர் வாங்கியது இதயத்தால்! மாரடைப்பு வந்தவர்களின் ரத்தத்தில் இந்த நொதி கூடுவதை 1954-ல் நியூயார்க் ஆய்வாளர்கள் காட்டினார்கள். கல்லீரலோ மற்ற தசைகளோ கெட்டாலும் அது கூடும் என்பதால், இதயத்துக்கே உரிய ஒரு பொருளுக்கான தேடல் தொடர்ந்தது.

● அப்படிக் கிடைத்ததுதான் ட்ரோபோனின். தசை சுருங்குவதை ஒழுங்குபடுத்தும் இந்தப் புரதத்தை 1960-களில் ஜப்பானின் செட்சுரோ எபாஷி கண்டுபிடித்தார். இதயத் தசையின் ட்ரோபோனினுக்கும் கை கால் தசைகளின் ட்ரோபோனினுக்கும் சிறு வேறுபாடு உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு 1980-களின் கடைசியில் ரத்தப் பரிசோதனை உருவானது. 2000-ல் ஐரோப்பிய, அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள் மாரடைப்பின் இலக்கணத்தையே இதை வைத்துத் திருத்தி எழுதின.

● நெஞ்சுவலியோடு போனவரிடம் சில மணி நேரத்தில் மறுபடி ரத்தம் எடுத்தால், வீண் செலவென்று நினைக்க வேண்டாம். தசை சேதமாகி, ட்ரோபோனின் ரத்தத்தில் தெரிய நேரம் பிடிக்கும். முதல் எண் மட்டும் போதாது. அடுத்த எண் ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

● இதயம் ஒரு ஹார்மோன் சுரப்பியும்கூட. 1981-ல் கனடாவில் அடோல்ஃபோ டி போல்ட், எலியின் இதய மேலறைச் சாற்றை வேறு எலிகளுக்கு ஏற்றினார். சிறுநீர் மளமளவென்று பெருகியது. அப்படிப் பெருகச் செய்த ஹார்மோனின் உறவுக்கார ஹார்மோனை 1988-ல் ஜப்பானியர்கள் பன்றி மூளையில் கண்டார்கள். அதுதான் 'பி.என்.பி.' முதல் எழுத்து 'பிரெய்ன்'. அதிகம் சுரப்பது இதயத்தின் கீழறைகள் என்று பிறகு தெரிந்தும் பெயர் மாறவில்லை.

● ட்ரோபோனின் கூடினாலே மாரடைப்பு என்று பொருளல்ல. கிருமித்தொற்றால் உடலே நிலைகுலையும் செப்சிஸிலும் இதயத் தசை அடிபடும், எண் ஏறும். அப்போது தேட வேண்டியது கிருமியை.

● அந்தத் தேடலின் பெயர் 'பிளட் கல்ச்சர்'. தோலை நன்றாகத் துடைத்து, பெரியவர்களுக்குக் குப்பி ஒன்றுக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம். கிருமி வளர்ந்து கரியமில வாயுவை வெளியிட, சிலவகைக் குப்பிகளின் அடிப்பகுதி மஞ்சளாக மாறும். முடிந்தவரை ஆன்டிபயாட்டிக் போடும் முன்பே ரத்தம் எடுத்துவிட வேண்டும். மருந்து முந்திக்கொண்டால் கிருமி குப்பியில் வளராமல் போகலாம்.

● 'கேப்னோசைட்டோஃபேகா கேனிமோர்சஸ்' நாயின் வாயில் சாதாரணமாக வாழும் பாக்டீரியா. பெயரின் பின்பாதிக்கு லத்தீனில் 'நாய்க்கடி' என்று பொருள். மண்ணீரல் அகற்றப்பட்டவர்களுக்குச் சிறு கடி, ஏன் புண்ணை நாய் நக்கினால்கூட, உயிருக்கே ஆபத்தாகலாம்.

● ரத்தத்தில் 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கேலோலைட்டிகஸ்' வளர்ந்தால், மருத்துவர் இதய வால்வை எக்கோவில் பார்ப்பார். கூடவே பெருங்குடலையும் கொலோனோஸ்கோப்பியில் பார்க்கச் சொல்வார். இந்தக் கிருமிக்கும் குடல் புற்றுநோய்க்கும் தொடர்பு இருப்பது 1970-களிலிருந்தே தெரியும். காய்ச்சலுக்கு எடுத்த ரத்தம், வெளியே தெரியாத கட்டியைக் காட்டிக்கொடுக்கலாம்.

● மெலியாய்டோசிஸ் நோயை 1911-ல் ரங்கூனில் முதன்முதலாக அடையாளம் கண்டவர்கள் ஆல்ஃபிரட் விட்மோரும் அவருடைய உதவியாளர் சி. எஸ். கிருஷ்ணசுவாமியும். இதன் கிருமி ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது. நீரிழிவு உள்ளவர்களைத்தான் அதிகம் தாக்குகிறது.

● தாய்லாந்தின் உபோன் ராட்சதானியில் நடந்து 1989-ல் வெளியான ஆய்வு, கடுமையான மெலியாய்டோசிஸில் 74 சதவீதமாக இருந்த மரணத்தை செஃப்டாசிடிம் என்ற மருந்து 37 சதவீதமாகக் குறைத்ததாகக் காட்டியது. ஆனால் கிருமி இன்னதென்று தெரிந்தால்தானே சரியான மருந்தைப் போட முடியும்? ஆய்வகத்தில் இதை வேறு கிருமியாக எண்ணி விட்டுவிடும் அபாயம் உண்டு. விடாத காய்ச்சலோடு போகும்போது, "வயலில் இறங்கி வேலை பார்க்கிறேன், சர்க்கரையும் இருக்கிறது" என்று மறக்காமல் சொல்லுங்கள். ஆய்வகம் எதைத் தேட வேண்டும் என்பதை அந்த ஒரு வரி காட்டிவிடும்.