பத்து பிராங்க் கொள்முதல்

1931 செப்டம்பர் 6. இன்றைய மாலி நாட்டில் உள்ள கெமேனி கிராமத்தில், கோனோ என்ற புனிதப் பொருள் இருந்த வழிபாட்டுக் குடிலின் வாசலில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் நின்றார்கள். உள்ளே போவதென்றால் முதலில் கோழி பலியிட வேண்டும் என்றார்கள் ஊர்க்காரர்கள். பலி கொடுக்க ஆள் கிடைக்கவில்லை என்று நேரத்தைக் கடத்திப் பார்த்தார்கள். குழுத் தலைவர் மார்செல் கிரியோல் பொறுமை இழந்தார். பத்து பிராங்க் வாங்கிக்கொண்டு கோனோவைக் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் லாரிக்குள் இருக்கும் போலீஸ் உங்கள் பெரியவர்களைப் பிடித்துக்கொண்டு போகும் என்று சொல்ல வைத்தார். லாரிக்குள் எந்தப் போலீசும் இல்லை. ஊர் பணிந்தது. ஆனால், எடுத்துத் தர ஒருவரும் முன்வரவில்லை. ஆய்வாளர்களே உள்ளே புகுந்து, தார்ப்பாயில் சுற்றி எடுத்துப் போனார்கள்.

மறுநாள் த்யாபுகு என்ற ஊரில் 'பொலி' என்ற வழிபாட்டுப் பொருள் ஒன்று சிக்கியது. பன்றிக்குட்டி போன்ற உருவம். தலைமுறை தலைமுறையாகப் பலியிட்ட ரத்தம் உறைந்து உறைந்து கருத்துத் தடித்த மேனி. எடை பதினைந்து கிலோவுக்குக் குறையாது. படையல் விழ விழத்தான் அதற்குச் சக்தி ஏறும் என்பது அந்த மக்களின் நம்பிக்கை. அழியாமல் காப்பாற்றினோம் என்று அருங்காட்சியகங்கள் சொல்லும் வாதம் இங்கே செல்லாது. படையல் நின்றதே அதற்கு நேர்ந்த அழிவு.

இதெல்லாம் நமக்குத் தெரிவது, அந்தக் குழுவின் செயலாளர் மிஷேல் லெரிஸ் தன் நாட்குறிப்பில் எழுதியதால். 1934இல் அது புத்தகமாகவே வந்தது. கிரியோல் கோபப்பட்டார். 'அந்தக் காலம் அப்படி' என்பவர்களுக்கு லெரிஸின் பக்கங்களே பதில். செய்தது மிரட்டல் என்று அன்றைக்கே, செய்தவர்களில் ஒருவரே, எழுதி வைத்திருக்கிறார்.

டக்காரிலிருந்து ஜிபூட்டிக்கு 1933 வரை அந்தக் குழு மேற்கொண்ட பயணத்தில் பாரிஸுக்குப் போன பொருள்கள் 3,000க்கும் மேல். மனமொப்பி விற்றவையும் அவற்றில் இருக்கலாம். ஆனால், காலனி அதிகாரத்தின் நிழலில் நின்று விலை கேட்பவரிடம் மாட்டேன் என்று எத்தனை பேரால் சொல்லியிருக்க முடியும்? பணம் கைமாறிவிட்டது என்பதற்காக அதை விற்பனை என்று ஒப்புக்கொள்ள என்னால் முடியவில்லை.

1892இல் பிரெஞ்சுப் படை அபோமே அரண்மனையிலிருந்து கொள்ளையடித்தவற்றில் 26 பொருள்களை, 2020இல் தனிச் சட்டம் இயற்றி, மறு ஆண்டு பெனின் நாட்டுக்குப் பிரான்ஸ் திருப்பித் தந்தது. சிப்பாய் எடுத்தால் கொள்ளை, ஆய்வாளர் எடுத்தால் சேகரிப்பு என்ற பாகுபாடு இனியும் எதற்கு? 2025இல் பாரிஸின் கே பிரான்லி அருங்காட்சியகம், ஆப்பிரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து இந்தப் பயணத்தையே மறுவிசாரணை செய்து கண்காட்சி வைத்தது நல்ல தொடக்கம். மற்ற பொருள்களுக்கு விசாரணை நடக்கட்டும். கெமேனியிலும் த்யாபுகுவிலும் எடுத்தவற்றை, அந்த ஊர்கள் கேட்டால், விசாரணைக்குக் காத்திருக்காமல் கொடுத்துவிடலாம். அவற்றுக்கான வாக்குமூலம் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே அச்சேறிவிட்டது.