செக்கப்புக்கு வந்தவர்கள்

குறைமாதத்தில் பிரசவமாகிவிடும் என்று தெரிந்தால், குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் முதிரத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். நம்மூர் அரசு மருத்துவமனைகளிலும் அது இன்று வழக்கமான சிகிச்சை. இதற்கு வழிகாட்டிய ஆய்வை நடத்தியவர்கள் லிகின்ஸ், ஹவி என்ற இரு மருத்துவர்கள். நடந்த இடம் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரிலிருந்த தேசிய மகளிர் மருத்துவமனை. வயிற்றிலிருக்கும் சிசுவுக்கு ரத்தம் ஏற்றும் முறையை 1963இல் முதன்முதலாகச் செய்துகாட்டிய வில்லியம் லைலியும் அதே மருத்துவமனைக்காரர்தான். கெட்டிக்காரர்கள் நிறைந்த இடம். இந்தக் கதைக்கு அதுவும் முக்கியம். கவனிப்பாரில்லாத ஏதோ ஒரு மூலையில் நடந்த கூத்து அல்ல இது.

அங்கே இணைப் பேராசிரியராக இருந்த ஹெர்பர்ட் கிரீனுக்கு ஒரு கருத்து இருந்தது. கருப்பை வாயின் மேல்தோலில் மட்டும் தென்படும் ஆரம்பநிலைக் கோளாறு, அதாவது இன்றைய மருத்துவர்கள் 'சின் 3' என்று குறிப்பிடும் நிலை, புற்றுநோயாக வளர்வதில்லை என்று அவர் நம்பினார். அந்தக் காலத்தில் இந்தக் கோளாறு கண்ட பல பெண்களுக்குக் கருப்பையையே எடுத்துவிடும் பழக்கம் இருந்தது. குழந்தை பெறும் வயதில் இருப்பவர்களுக்கு இவ்வளவு பெரிய வெட்டு எதற்கு என்று அவர் கேட்டதில் நியாயம் உண்டு. அந்த நியாயத்தோடு அவர் நிற்கவில்லை. 1966 ஜூனில் மருத்துவமனையின் மூத்த மருத்துவர்கள் குழுவிடம் ஒரு திட்டத்தை வைத்தார். கருப்பை வாயிலிருந்து செல்களை வழித்தெடுத்துப் பார்க்கும் ஸ்மியர் பரிசோதனையில் கோளாறு தெரிந்த 35 வயதுக்குட்பட்ட பெண்களுக்கு, கூம்பு வடிவில் திசுவை அகற்றும் வழக்கமான சிகிச்சையைச் செய்யாமல் தொடர்ந்து கவனித்துவருவது என்பதே அந்தத் திட்டம். குழு ஒப்புக்கொண்டது. அந்தப் பெண்களிடம் யாரும் கேட்கவில்லை.

அவர்களைப் பொறுத்தவரை அது 'செக்கப்'. குறித்த தேதியில் போவார்கள், கவுன் மாற்றிப் படுப்பார்கள், ஒரு ஸ்மியர், சில சமயம் துளியூண்டு சதையைக் கிள்ளி எடுத்து பயாப்சி, பிறகு அடுத்த தேதி. இவ்வளவு முறை கூப்பிட்டுப் பார்க்கிறார்களே, நல்ல கவனிப்பு என்றுதான் யாருக்கும் தோன்றும். கிரீனைப் பற்றி நல்லவிதமாகப் பேசிய நோயாளிகளும் இருந்தார்கள். தன் உடலில் இருப்பது என்ன, அதற்கு வேறு சிகிச்சை உண்டா, அதை ஏன் தனக்குச் செய்யவில்லை என்ற மூன்றும்தான் அவர்களுக்குத் தெரியாது.

மருத்துவமனைக்குள் தெரிந்தவர்கள் இருந்தார்கள். கருப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கால்போஸ்கோப்பில் கண்ணை வைத்து வருடக்கணக்கில் இந்தப் பெண்களைப் பார்த்தவர் பில் மெக்கிண்டோ. அவர்களின் திசுத் துண்டுகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தவர் ஜாக் மெக்லீன். கோளாறு மறையாமல் நிற்பதும், சிலருக்குப் புற்றுநோயாகவே மாறுவதும் அவர்கள் கண்முன் நடந்தது. மேலிடத்துக்கு எழுதினார்கள். 1975இல் ஒரு உள்குழு அமைக்கப்பட்டு, கிரீன் மீது தவறில்லை என்று முடித்துக்கொண்டது. சக மருத்துவரைக் காட்டிக்கொடுப்பதா என்ற கூச்சம் எல்லா ஊருக்கும் பொது. ஆக்லாந்து மட்டும் அதற்கு விலக்காகுமா?

கிரீன் 1982இல் ஓய்வுபெற்றார். இரண்டு ஆண்டுகள் கழித்து மெக்கிண்டோ, மெக்லீன், ரான் ஜோன்ஸ், மல்லின்ஸ் நால்வரும் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் கட்டுரை வெளியிட்டார்கள். மொத்தம் 948 பெண்களின் பதிவுகள். முதல் சிகிச்சைக்குப் பிறகு ஸ்மியர் சரியாகிவிட்ட 817 பேரில் புற்றுநோய் வந்தது 12 பேருக்கு. ஸ்மியரில் கோளாறு தொடர்ந்துகொண்டே இருந்த 131 பேரில் 29 பேருக்கு. நூற்றுக்கு ஒன்றரை எங்கே, இருபத்திரண்டு எங்கே! அந்த எண்களைப் படித்த மருத்துவ உலகம் அதிர்ந்து எழுந்துவிடவில்லை. மெக்கிண்டோ 1986இல் இறந்துபோனார்.

எழுந்தவர்கள் இரண்டு பெண்கள். சாண்ட்ரா கோனி, பிலிடா பங்கிள் இருவரும் மருத்துவர்கள் அல்லர். பெண்களின் உடல்நலம் பற்றி எழுதிவந்தவர்கள். மருத்துவக் கட்டுரையிலுள்ள எண்களுக்குப் பின்னால் இருக்கும் மனிதர்களைத் தேடினார்கள். கிடைத்த ஒருவரை 'ரூத்' என்ற மாற்றுப் பெயரில் அறிமுகப்படுத்தி, ஆக்லாந்தின் 'மெட்ரோ' இதழில் 1987 ஜூனில் எழுதினார்கள். ரூத் 1964 முதல் பதினைந்து ஆண்டுகள் அந்த மருத்துவமனைக்குப் போய்வந்தவர். 1979இல், இனி வர வேண்டாம் என்று அனுப்பிவைக்கப்பட்டார். 1985இல் வேறொரு மருத்துவர் பார்த்தபோது பரவும் நிலைப் புற்றுநோய். பிறகு அவரே கிளேர் மாத்திசன் என்ற தன் சொந்தப் பெயரில் முன்வந்தார். 1989இல் தன் கதையைப் புத்தகமாகவும் எழுதினார். நோயாளிக்குப் பெயரும் குரலும் கிடைத்தபோதுதான் நாடு திரும்பிப் பார்த்தது.

'மெட்ரோ' கட்டுரை வெளியான மாதமே சுகாதார அமைச்சர் மைக்கேல் பாசெட் விசாரணைக்கு உத்தரவிட்டார். நீதிபதி சில்வியா கார்ட்ரைட் தலைமை. (பின்னாளில் நாட்டின் கவர்னர் ஜெனரல் ஆனவர் இவர்தான்.) தோண்டத் தோண்ட வேறு விஷயங்களும் வந்தன. பெற்றோருக்குத் தெரியாமல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பச்சைப் பெண் குழந்தைகளிடமிருந்து ஸ்மியர் எடுத்திருந்தார்கள். அறுவைச் சிகிச்சைக்காக மயக்கத்தில் கிடந்த பெண்களின் பிறப்புறுப்பில், அவர்கள் சம்மதம் இல்லாமலே, மருத்துவ மாணவர்கள் பரிசோதனை செய்து பழகினார்கள். இதையெல்லாம் செய்தவர்கள் கொடூரர்கள் அல்லர். கேட்க வேண்டும் என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை. கோபம் வருவது அந்த இடத்தில்தான்.

1988 ஆகஸ்டில் அறிக்கை வந்தது. கிரீனின் உடல்நிலை மோசமாக இருந்ததால் அவர் மீது ஒழுங்கு நடவடிக்கை நடக்கவில்லை, 2001இல் காலமானார். அவருடைய துறைத் தலைவர் டென்னிஸ் போன்ஹாம் 1990இல் மருத்துவக் கவுன்சிலால் குற்றவாளி எனக் கண்டறியப்பட்டார். நாடு தழுவிய கருப்பை வாய்ப் பரிசோதனைத் திட்டமும் அதே 1990இல் தொடங்கியது. அப்படியொரு திட்டமே தேவையில்லை என்று பேசிவந்தவர்களில் கிரீனும் ஒருவர் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

எதிர்வாதமும் உண்டு. கிரீன் செய்தது பரிசோதனை அல்ல, அளவோடு நின்ற சிகிச்சைதான் என்று வரலாற்றாசிரியர் லிண்டா பிரைடர் 2009இல் ஒரு நூல் எழுதினார். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே 'லான்செட் ஆன்காலஜி' இதழில் வந்த ஆய்வு, போதிய சிகிச்சை பெறாத பெண்களில் 30 ஆண்டுகளுக்குள் 31 சதவீதத்தினருக்குப் புற்றுநோய் வந்ததாகவும், முறையான சிகிச்சை பெற்றவர்களில் அது 0.7 சதவீதம் மட்டுமே என்றும் காட்டியிருந்தது. இந்த எண்களை வைத்துக்கொண்டு, பெயரை மாற்றிச் சொல்வதால் என்ன ஆகப்போகிறது? 2018இல், அறிக்கைக்கு முப்பது ஆண்டுகள் நிறைந்தபோது, ஆக்லாந்து மாவட்டச் சுகாதார வாரியம் மன்னிப்புக் கேட்டது.

இந்தியா தள்ளி நின்று வேடிக்கை பார்க்க முடியாது. டெல்லியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நிறுவனம் 1976 முதல் 1988 வரை இதே போன்ற கோளாறுள்ள 1,158 பெண்களைக் கவனித்துவந்தது. எழுத்துப்பூர்வ ஒப்புதல் வாங்கவில்லை என்ற செய்தி 1997இல் வெளியாகிப் பெரும் சர்ச்சையானது. நம் திண்டுக்கல் மாவட்டக் கதை வேறு மாதிரி. அம்பிளிக்கை மருத்துவமனையும் பிற நிறுவனங்களும் சேர்ந்து நடத்திய ஆய்வில், பயிற்சி பெற்ற நர்சுகள் கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெளுத்துக் காட்டும் இடத்தைக் கண்டுபிடித்துச் சிகிச்சையும் கொடுத்தார்கள். பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட குழுவில் இந்தப் புற்றுநோயால் ஏற்படும் மரணம் 35 சதவீதம் குறைந்தது என்று 2007இல் 'லான்செட்' வெளியிட்டது. ஏழை நாடுகளுக்கெல்லாம் பயன்பட்ட கண்டுபிடிப்பு அது. ஆனால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, பரிசோதனை தரப்படாமல் விடப்பட்ட கிராமங்களில் சுமார் 31,000 பெண்கள் இருந்தார்கள். உயிர்காக்கும் ஒன்றை ஒரு பகுதியினருக்கு மட்டும் கொடுத்துவிட்டு மற்றவர்களை எண்ணிக்கொண்டிருப்பது முறையா என்ற கேள்வியை வெளிநாட்டு மருத்துவர்கள் எழுப்பினார்கள். ஆய்வாளர்கள் தங்கள் தரப்பைச் சொன்னார்கள். நம் பத்திரிகைகளில் அந்த விவாதம் பெரிதாக ஓடவில்லை.

இன்று ஆக்லாந்தின் சாண்ட்ரிங்காமிலோ மவுண்ட் ராஸ்கில்லிலோ வசிக்கும் ஒரு தமிழ்ப் பெண் மகளிர் நல மருத்துவரிடம் போனால், ரூத்துக்குக் கிடைக்காதது அவருக்குச் சட்டப்படி உண்டு. கார்ட்ரைட் அறிக்கையின் தொடர்ச்சியாக 1996இல் நடைமுறைக்கு வந்த நோயாளர் உரிமை விதிகள் பத்து. நிலைமையையும் மாற்றுச் சிகிச்சைகளையும் மருத்துவர் விளக்கியாக வேண்டும். கற்பித்தலோ ஆய்வோ என்றால் முன்கூட்டிச் சொல்லிச் சம்மதம் பெற வேண்டும். தேவைப்பட்டால் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். இந்தக் கடைசி உரிமையை நம்மவர்கள் அதிகம் பயன்படுத்த வேண்டும். மாதவிடாய், வெள்ளைப்படுதல், தாம்பத்திய வலி பற்றியெல்லாம் மகனை வைத்துக்கொண்டு ஓர் அம்மா எப்படி வாய் திறப்பார்? மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மருமகள் எதைச் சொல்வாள்? குறை இருந்தால் விசாரிக்கத் தனி ஆணையர் இருக்கிறார். புகாரை எழுதக் கட்டணமின்றி உதவும் நோயாளர் வழக்காடுநர்களும் இருக்கிறார்கள்.

2023 செப்டம்பர் முதல் நியூசிலாந்தில் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. கிருமிக்கான பரிசோதனையே முதல் படி. 25 முதல் 69 வயது வரையுள்ளவர்கள், விரும்பினால் திரைக்குப் பின்னால் போய்த் தாங்களே பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துக் கொடுத்துவிடலாம். கூச்சத்தால் பல வருடம் தள்ளிப்போட்டவர்களுக்கு இது பெரிய விடுதலை.

இந்தியாவிலும் தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் நோயாளர் உரிமைச் சாசனம் ஒன்றைத் தயாரித்தது. தகவல் அறியும் உரிமை, சம்மதம், இரண்டாவது மருத்துவக் கருத்து, மருத்துவப் பதிவுகளின் நகல் எல்லாம் அதில் உண்டு. நியூசிலாந்தில் இருப்பதுபோல் அதற்கென்று ஒரு ஆணையர் இல்லை. ஆகவே ஆஸ்பத்திரியில் கையெழுத்துக் கேட்டு ஆங்கிலத் தாளை நீட்டும்போது, தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். வீட்டுக்குக் கிளம்பும்போது ரிப்போர்ட்டின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.