விரதம் வளர்க்கும் மன உறுதி

தைப்பூசத் திருநாள் என்றவுடன் நம் கண்முன் தோன்றுவது, சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் ஆலயத்திலிருந்து தேங் ரோடு தெண்டாயுதபாணி ஆலயம் வரை நீளும் காவடி ஊர்வலமே. 1855ஆம் ஆண்டில் தோன்றிய ஆலயத்தையும், 1859ஆம் ஆண்டில் செட்டியார் சமூகத்தினர் எழுப்பிய ஆலயத்தையும் இணைக்கும் இவ்வழி மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நடந்து முடிக்கச் சில மணி நேரம் போதும். ஆனால் அந்நடைக்கு உடலையும் உள்ளத்தையும் பக்குவப்படுத்தும் விரதமோ பலருக்கு ஒரு மண்டலம், அதாவது 48 நாள். நேர்த்திக்கடனின் பலன் பெரிதும் இந்நாட்களிலேயே விளைகிறது என்பது ஆலயப் பணியில் அடியேன் கண்டறிந்தது.

இதனை நன்கு உணர்த்திய காலம் 2021, 2022ஆம் ஆண்டுகள். கொவிட்-19 நோய்ப் பரவலால் அவ்விரு ஆண்டுகளிலும் காவடிக்கும் நடை ஊர்வலத்துக்கும் அனுமதி இல்லை. முன்பதிவு செய்தோர், ஆலயத்தில் ஆயத்தமாக வைக்கப்பட்ட பால்குடத்தை மட்டுமே செலுத்த முடிந்தது. ஆண்டுதோறும் காவடி எடுத்துவந்த அன்பர் ஒருவர், "காவடியே இல்லாதபோது விரதம் எதற்கு ஐயா?" என்று என்னிடம் வினவினார். வேலை இழந்து, இரவில் உறக்கமின்றித் தவித்துக்கொண்டிருந்தார் அவர். "நின்றது காவடிதான் தம்பி, விரதத்தை யாரும் நிறுத்தவில்லையே" என்றேன். அரைமனத்தோடு தொடங்கினார். மண்டலம் நிறைந்தபோது வேலை கிடைத்திருக்கவில்லை. ஆயினும் உறக்கம் திரும்பியிருந்தது, முகத்தில் தெளிவு வந்திருந்தது. 2023 பிப்ரவரி 5ஆம் நாள் ஊர்வலம் மீண்டும் நடைபெற்றபோது, அவரும் காவடியுடன் நடந்தார்.

விரதத்தில் அப்படி என்ன இருக்கிறது? நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுந்து நீராடுவதால் உறக்கம் ஒழுங்குக்கு வருகிறது. மரக்கறி உணவை அளவோடு உண்டு, மதுவையும் புகையையும் விலக்குவதால் உடல் இலகுவாகிறது. நிதானமாக மூச்சு விட்டு நாமம் சொல்வதால் மனத்தின் பதற்றம் தணிகிறது. நாவின் ஆசையை ஒவ்வொரு நாளும் மறுத்துப் பழகியவர்க்குப் பெரிய இழப்புகளைத் தாங்கும் பயிற்சியும் கைகூடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாகக் கூட்டு வழிபாடு உண்டு. பஜனைக்கு இரு வாரம் வராதவரை, "ஏன் வரவில்லை?" என்று தேடிச் செல்ல நான்கு பேர் இருப்பதே பெரும் பலம் அல்லவா?

எனினும் எச்சரிக்கை ஒன்றும் சொல்லியாக வேண்டும். 2010ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், இந்நாட்டு இந்தியரில் நூற்றுக்கு ஏறத்தாழ 17 பேருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. 2016ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிரான போரையே அறிவித்தது. மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு வேளை உணவைத் தவிர்த்தால் இரத்தச் சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரலாம். ஆகவே அத்தகையோர் மருத்துவரைக் கலந்த பின்னரே நோன்பின் முறையை வகுத்துக்கொள்ள வேண்டும். மருந்தை நிறுத்துவது விரதம் ஆகாது.

மனத்துயரும் அவ்வாறே. வழிபாட்டாலும் தணியாத வேதனை உடையோர் உதவி நாடத் தயங்கலாகாது. சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தை 1767 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். தெரிந்தவரிடம் வாய்விட்டுச் சொல்வதும், உரியவரிடம் துணை கேட்பதும் பக்திக்கு இழுக்கல்ல.

விழா முடிந்து காவடியை இறக்கியவுடன், 48 நாள் பழக்கத்தையும் சேர்த்து இறக்கிவைத்து விடுகிறோம். இவ்வாண்டேனும், விடியற்காலை எழுவதோ, மதுவை விலக்குவதோ, வாரம் ஒருமுறை பஜனையோ, ஏதேனும் ஒன்றை ஆண்டு முழுவதும் கைவிடாது காப்போமாக. அன்பர்கள் அனைவருக்கும் உடல்நலமும் உள்ளத் திண்மையும் பெருக, தண்டபாணிப் பெருமான் திருவருள் துணை நிற்பதாக!