கைபடா வெள்ளியும் பழகிய கண்ணும்

நாட்டின் வரலாறு ஏடுகளில் மட்டும் எழுதப்படுவதன்று. அது நாணயங்களிலும் பொறிக்கப்படுகின்றது. நம் கல்லூரி மாணவர் சிலர் அண்மைக்காலமாகப் பழைய வெள்ளி நாணயங்களைச் சேர்ப்பதில் ஊக்கங்கொண்டிருப்பது மகிழ்ச்சி தருவதாகும். அவர்கள் நாணயமொன்றைக் கொணர்ந்து காட்டும்போதெல்லாம், “சேர், இது என்ன விலைக்குப் போகும்?” என்று வினவுகின்றனர். அவ்வினாவுக்கு முன்னர் வினவவேண்டியது வேறொன்றுண்டு. “இதன் தரம் யாது?” என்பதே அது. தரமறியாது விலை பேசுவோன் விற்பவனின் வாய்ச்சொல்லையே விலைக்கு வாங்குகின்றான்.

இவ்வுண்மையை யான் நட்டப்பட்டே கற்றேன். புத்தர் பெருமான் பரிநிர்வாணமடைந்து 2500 ஆண்டுகள் நிறைவெய்தியமையை நினைவுகூர்ந்து, 1957 ஆம் ஆண்டில் இலங்கை அரசாங்கம் ஐந்து ரூபா வெள்ளி நாணயமொன்றை வெளியிட்டது. அதன் நிறை 28.28 கிராம், ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. என் பாட்டனார் அவற்றுள் ஒன்றைப் பெற்று, ஒருநாளேனும் செலவிடாது, கடதாசியில் மடித்துப் பெட்டகத்தில் வைத்திருந்தார். 1995 ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போது என் பாட்டியார் சிறிதளவு நகையோடு அதனையும் மடியிற் கட்டிக்கொண்டு வந்தார். பின்னர் யான் ஆசிரியனாகிய புதிதில், பாடசாலைக் கண்காட்சியொன்றில் அதனை வைக்க எண்ணினேன். நாணயம் கருமை படர்ந்திருந்தது. வீட்டிலே குத்துவிளக்குத் துலக்கும் முறைப்படி பழப்புளியுஞ் சாம்பலும் இட்டு நன்றாகத் தேய்த்தேன். அது பளபளவென மின்னியது. பாட்டியாரும் மகிழ்ந்தார். கண்காட்சிக்கு வந்த முதியவர் ஒருவர், நெடுநாள் நாணயஞ் சேர்த்தவர், அதனைக் கையிலெடுத்துச் சற்றுநேரம் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, “மாஸ்ரர், இது ஒருநாளும் சந்தைக்குப் போகாத காசு; ஆனால் இனி அப்படிச் சொல்லேலாது” என்றார். ஏறத்தாழ நாற்பது ஆண்டு பெட்டகத்திலும், அதன்பின் பாட்டியாரின் மடியிலும் கெடாதிருந்ததை யான் கால்மணி நேரத்தில் கெடுத்துவிட்டேன்.

அம்முதியவர் கண்டது யாது? அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அக்கசாலையில் இரண்டு எஃகு அச்சுகளுக்கிடையே வெள்ளித் தகடு அழுத்தப்படும்போது, உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நெருக்குண்டு நகருகின்றது. அந்நகர்வினால் நாணயத்தின் முகத்தில் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய ஆரைக்கோடுகள் அமைகின்றன. விளக்கொன்றின் கீழ் நாணயத்தைச் சாய்த்துப் பிடித்து மெல்லச் சுழற்றினால், இக்கோடுகளிற் பட்ட ஒளி வண்டிச் சில்லின் ஆரைக்கால்கள் சுழல்வதுபோல முகத்தைச் சுற்றி ஓடும். இவ்வோடும் ஒளியே கைபடா நாணயத்தின் முதல் இலக்கணம். பலர் கைகளிலும் பைகளிலும் உராய்ந்த நாணயத்தில் மேடான இடங்களிலுள்ள கோடுகள் முதலில் அழியும். அவ்விடங்களில் ஒளி ஓடாது தடைப்பட்டுச் சாம்பல் நிறமாய் மங்கும். தேய்த்துத் துலக்கிய நாணயத்திலோ கோடுகள் எங்கணும் அழிந்துபோகும். அது மின்னும், ஆயின் ஒளி ஓடாது. உருப்பெருக்கிக் கண்ணாடியாற் பார்ப்பின், துணியும் சாம்பலும் சென்ற வழியே மயிரிழை போன்ற கீறல்கள் நிரைநிரையாகத் தோன்றும். மின்னுதல் வேறு, மினுக்கம் உயிரோடிருத்தல் வேறு என்பதை மாணவர் மனத்திற் பதித்தல் வேண்டும்.

இனி, தேய்வென்று மயங்கத்தக்க மூன்றினைப் பிரித்தறிதல் வேண்டும். முதலாவது, சாக்குத் தழும்பு. அக்கசாலையிலிருந்து நாணயங்கள் சாக்குகளில் ஒன்றோடொன்று மோதி வருதலால் சிறு வெட்டுக்காயங்கள் உண்டாகும். இவை கூரிய விளிம்புடையன, தேய்வு ஆகா. எனவே கைபடா நாணயத்திலும் தழும்புகள் இருக்கலாம். அவை முகத்தின் நடுவிலோ அரசரின் கன்னத்திலோ இருப்பின் தரம் குறையும். இரண்டாவது, மெல்லிய அச்சுப்பதிவு. போதிய அழுத்தமின்றிப் பதித்த நாணயத்தில் மேடான இடம் தட்டையாகத் தோன்றும். எனினும் அத்தட்டையின்மீதும் ஒளி ஓடுமாயின் அது அச்சின் குறையேயன்றிக் கைபட்ட தேய்வன்று. மூன்றாவது, கருமை. காற்றிலுள்ள கந்தகச் சேர்க்கைகள் வெள்ளியோடு கூடி மெல்லிய படலமாகின்றன. இறப்பர் வளையமும் சிலவகைக் கடதாசியும் அதனை விரைவுபடுத்தும். அப்படலம் மெல்லியதாயிருந்து, அதன் கீழிருந்து ஒளி ஓடிவருமாயின் அது குறையன்று. நெடுங்காலம் எவரும் தீண்டவில்லை என்பதற்கு அதுவே நற்சான்று. யான் சாம்பலிட்டு அழித்தது அந்தச் சான்றினையே.

தேய்வினைத் தேடுமிடங்கள் நாணயத்துக்கு நாணயம் வேறுபடும். 1892 முதல் இலங்கைக்கென 10, 25, 50 சத வெள்ளி நாணயங்கள் வெளிவந்தன. முடிசூடிய ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் முகமுள்ள 50 சதத்தில் புருவம், மீசை, செவி, முடியின் பட்டி ஆகியவற்றை முதலிற் பார்த்தல் வேண்டும். இந்நாணயங்களின் வெள்ளியளவும் ஒரே தன்மையதன்று. தொடக்கத்தில் நூற்றுக்கு 80 பங்காயிருந்தது, 1919 முதல் 55 பங்காகக் குறைந்தது. 1943 இல் 50 சதம் வெள்ளியை விட்டு நிக்கல் கலந்த பித்தளையாயிற்று. ஆண்டினை அறியாது வாங்குவோன், பாதியளவே வெள்ளியுள்ளதற்கு முழு வெள்ளியின் விலை கொடுப்பான்.

தரங்களைக் குறிக்க இலக்கமுறையும் உண்டு. வில்லியம் ஷெல்டன் என்னும் அமெரிக்கர் 1949 இல் தம் நாட்டுப் பழைய செப்புச் சதங்களுக்காக 1 முதல் 70 வரையான அளவுகோலொன்றை வகுத்தார். மிகத் தேய்ந்த நாணயம் ஒரு டொலர் பெறுமாயின் குறையற்றது எழுபது டொலர் பெறும் என்பது அக்காலத்து அவர் கணக்கு. அவ்விலைக்கணக்கு பின்னர் பொருந்தாது போயினும் அளவுகோல் நிலைத்து, ஏனைய உலோக நாணயங்களுக்கும் பரவியது. இதன்படி 60 முதல் 70 வரையுள்ள பதினொரு படிகளும் கைபடா நாணயத்துக்கே உரியன. 50 முதல் 58 வரை, சிறிதே கைபட்டவை. ஆகவே விற்பவர் ‘யு.என்.சி.’ என்று எழுதிவிட்டால் ஐயம் தீர்ந்ததாகாது. தழும்பு மிகுந்த 60 ஆம் படிக்கும் அழகு குன்றாத 65 ஆம் படிக்கும் விலையிற் பெரும் வேறுபாடுண்டு. துலக்கிய நாணயத்துக்கோ இப்படிகளில் ஒழுங்கான இடமே இல்லை.

வாங்குமுன் ஒரு கணக்கும் போடுதல் நன்று. மேற்சொன்ன ஐந்து ரூபா நாணயத்தில் தூய வெள்ளி ஏறத்தாழ 26 கிராம் உண்டு. அன்றைய வெள்ளி விலையால் அதனைப் பெருக்க வருவது உலோகத்தின் பெறுமதி. கேட்கும் விலையிலிருந்து அதனைக் கழித்தால் எஞ்சுவது தரத்துக்காகவும் அருமைக்காகவும் நாம் கொடுக்கும் பணம். நம் கண் பிழைத்தால் இழக்கப்போவது அப்பணத்தையே. அத்தொகை பெரிதாயின், ‘வேண்டாமெனில் திருப்பித் தரலாம்’ என்று உடன்படுவோரிடமே வாங்குக. ஒளிப்படத்தை மட்டும் நம்பி வாங்கற்க. விளக்கின் கோணத்தை மாற்றி மயிரிழைக் கீறலை மறைத்தல் எளிது. போலியென ஐயுற்றால் நிறையையும் விட்டத்தையும் அளந்து பார்க்க. காந்தத்தில் ஒட்டுவது வெள்ளியன்று. ஆயின் ஒட்டாததெல்லாம் வெள்ளியுமன்று.

கண்ணைப் பழக்கும் முறை எளியது. மலிவான, தேய்ந்த நாணயங்கள் சிலவற்றையும் ஐயமற்ற கைபடா நாணயமொன்றையும் அருகருகே வைத்து, ஐந்து மடங்கு பெருக்கும் கண்ணாடியால் நாள்தோறும் பார்க்க. ஒவ்வொன்றின் தரத்தையும் குறித்து வைத்துவிட்டு, ஒரு கிழமை கழித்து முன்னைய குறிப்பைப் பாராது மீண்டும் குறிக்க. இரண்டும் ஒத்துவரத் தொடங்கும் வரையில் விலையுயர்ந்ததெதனையும் வாங்கற்க. நாணயத்தை விளிம்பிற் பிடிக்க. மெல்லிய துணி விரித்த மேசைமேல் வைத்தே பார்க்க. அதற்கு நேரே பேசற்க, எச்சிற்றுளி பட்ட இடம் பின்னர் புள்ளியாகும். மென்மையான பீ.வீ.சீ. உறைகள் நாளடைவிற் பச்சைப் பிசின் கக்குமாதலால் அவற்றை விலக்குக. நம் கடலோரக் காற்றில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா பொட்டலமொன்றைப் பெட்டியில் வைத்தல் நலம். எல்லாவற்றுக்கும் மேலாக, எக்காரணத்தினாலும் தேய்த்துத் துலக்கற்க.

பாட்டியார் காலமாகிவிட்டார். அவர் மடியில் வந்த நாணயம் என்னிடமே உள்ளது. அதனருகே தீண்டப்படாத மற்றொன்றை வைத்து, நாணயங்கொண்டு வரும் மாணவர்க்குக் காட்டுவது வழக்கம். முதலிற் பெரும்பாலோர் துலக்கியதையே சிறந்ததெனச் சுட்டுவர். விளக்கின் கீழ் இரண்டையும் சுழற்றிக் காட்டியதும் முகம் மாறும். அதன்பின் அவர்கள் விலை கேட்பதில்லை; கண்ணாடியைக் கேட்கின்றனர்.

தமிழிலே நாணயம் என்னுஞ் சொல் காசையும் நேர்மையையும் ஒருங்கே உணர்த்தும். வாங்கும்போது கூர்மையாகப் பார்த்தல் போன்றே, விற்கும்போது ‘இது துலக்கியது’ என்று தாமே எடுத்துக் கூறுதலும் சேகரிப்போர்க்குக் கடமையாகும். வெள்ளிவிழா, பொன்விழா, வைரவிழா என்று உலோகங்களாலும் மணிகளாலும் ஆண்டுகளை எண்ணும் நாம், நம் கல்லூரி அன்னையின் மாணவர் இவ்விரு பொருளிலும் நாணயமுடையோராய் விளங்குக என வாழ்த்துவோமாக.