மங்கிய முன்விளக்கும் பழைய தோல் சீட்டும்

கெடாவில் செமெலிங், மெர்போக் பக்கத்துத் தோட்டச் சாலைகளில் இருட்டிவிட்டால் காடியின் முன்விளக்குதான் துணை. அது பழுத்து மங்கியிருந்தால் நடுவழியில் படுத்திருக்கும் மாடு கடைசி நொடியில்தான் கண்ணில் படும். அமெரிக்க வாகனமோட்டிகள் சங்கம் 2018இல் வெளியிட்ட ஆய்வில், மஞ்சளேறிய விளக்குகள் புதியவை தரும் ஒளியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கையே தந்தன. தேய்த்துச் சரிசெய்தபின் 70 விழுக்காடு வரை ஒளி மீண்டது. அந்த வேலையை வீட்டு வாசலிலேயே செய்யலாம்.

1985இல் வந்த முதல் புரோட்டோன் சாகா காலத்தில் விளக்கின் முகப்பு பெரும்பாலும் கண்ணாடி. அது மஞ்சளாகாது, உள்ளே இருக்கும் பிரதிபலிப்பான் கறுத்துத்தான் ஒளி குறையும், அதைத் தேய்த்துப் பயனில்லை. 2005இல் வந்த பெரோடுவா மைவி போன்றவற்றில் முகப்பு பாலிகார்பனேட் பிளாஸ்டிக். இது வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்காது என்பதால் தொழிற்சாலையிலேயே மேலே ஒரு காப்புப் பூச்சு போட்டிருப்பார்கள். கெடா வெயிலில் வருடக்கணக்காக நின்ற காடியில் அந்தப் பூச்சு உரிந்து, பிளாஸ்டிக் பழுத்துவிடுகிறது. நகத்தால் தட்டிப் பாருங்கள்: கணீரென்றால் கண்ணாடி, மொத்தையாகக் கேட்டால் பிளாஸ்டிக்.

பிளாஸ்டிக்காக இருந்தால் முதலில் கழுவி, சுற்றியுள்ள சாயத்தின்மேல் ஒட்டுநாடா ஒட்டுங்கள். 800ஆம் எண் மணல்தாளை நனைத்துத் தேய்த்தால் மஞ்சள் நீர் வடியும். அது பழைய பூச்சு. நீர் வெள்ளையாகும்வரை விடாமல் தேய்க்க வேண்டும். பிறகு 1000, 2000, 3000 என்று மேலே போகலாம். இடையில் தாள் காயக் கூடாது. கடைசியில் பாலிஷ் போட்டதும் முகப்பு பளபளக்கும்.

பலரும் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். இதுதான் பெரிய தவறு. காப்புப் பூச்சு முழுவதும் போய்விட்ட பிளாஸ்டிக் முன்னைவிட வேகமாகப் பழுக்கும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு வாங்கி, மழையில்லாத நாளில், நிழலில், முகமூடி போட்டுக்கொண்டு பூசியே ஆக வேண்டும். பற்பசை மேலோட்டமாகத் தேய்ப்பதோடு சரி. சில வாரங்களில் மங்கல் திரும்பிவிடும். கொசு மருந்தைத் தடவினால் அதிலுள்ள டீட் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைக் கரைத்துத்தான் அந்தப் பளபளப்பைக் காட்டுகிறது. பின்னால் வெடிப்பு விடும். அதைச் செய்யவே வேண்டாம்.

சீட்டிலும் கவனிக்க வேண்டியது மேல்பூச்சைத்தான். காடியில் வரும் தோலின்மேல் பெரும்பாலும் சாயமும் பாலியூரித்தேன் பூச்சும் இருக்கும். பழைய சீட் மினுமினுத்தால் அது நம் உடம்பின் எண்ணெய்ப் பிசுக்கு; நல்ல தோல் மினுங்காது. தோலுக்கென்று விற்கும் துப்புரவு நுரையை மென்மையான பிரஷில் எடுத்து, மறைவான ஓரத்தில் முதலில் சோதித்து, சிறு சிறு பகுதியாகத் தேய்த்து ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது. தையல் துளை வழியாக உள்ளே இறங்கிவிடும்.

தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் நம்மிடம் உண்டு. பூச்சு நன்றாக இருக்கும் தோலுக்குள் எண்ணெய் இறங்காது; மேலேயே தங்கித் தூசியைப் பிடித்து, நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். பூச்சு தேய்ந்த இடத்தில், பெரும்பாலும் ஓட்டுநர் ஏறி இறங்கும் ஓரத்தில், ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். தோல் அதை உறிஞ்சினால் அங்கே தோல் கண்டிஷனர் பயன்படும். வெடித்த இடத்துக்குச் சாந்தும் சாயமும் வேண்டும். அதைச் சீட் தைக்கும் கடையில் கொடுப்பது நல்லது. பிவிசி உறையென்றால் கண்டிஷனருக்குச் செலவழிக்க வேண்டாம், துடைத்தால் போதும்.

மழைக்காலத்தில் சீட்டில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்தால், கதவெல்லாம் திறந்து, முகமூடியோடு துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். பிறகு தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். அடியில் ஈரம் இருந்தால், கதவு ரப்பரோ ஏர்கோன் தண்ணீர்க் குழாயோ கசிகிறது. அதை அடைக்காமல் எத்தனை முறை துடைத்தாலும் பூஞ்சை திரும்பி வரும்.