பனி அடிக்கும் ஆப்பு

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது நம் முன்னோர் வாக்கு. எறும்பின் காலுக்கே கல் தேயுமாயின், நீரின் வலிமைக்கு முன் அது எம்மாத்திரம்! ஆனால் கல்லைச் சிதைக்கும் அந்த நீர், வெப்பமான இடத்தில் ஒரு விதமாகவும், கடுங்குளிர் நிலவும் இடத்தில் வேறு விதமாகவும் தன் தொழிலை நடத்துகிறது.

பெங்களூரில் வாழும் தமிழன்பர்கள் லால்பாகுப் பாறையைக் கண்டிருப்பார்கள். கெம்பேகௌடர் கோபுரத்தைத் தாங்கி நிற்கும் அப்பாறைக்கு வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள். அங்கே நீர் மெதுவாகவே வேலை செய்கிறது. மழைநீர் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. பாறையிலுள்ள ஃபெல்ஸ்பார் என்னும் கனிமத்தைச் சிறிது சிறிதாகக் களிமண்ணாக்குகிறது. பாறையிலுள்ள இரும்பு துருவேறி அம்மண்ணுக்குச் செந்நிறம் அளிக்கிறது. இந்நகரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 7.8 டிகிரி செல்சியஸ்தான்; அது 1884 ஜனவரி 13 அன்று பதிவாயிற்று. ஆகவே, உறைந்த நீர் பாறையைப் பிளக்கும் விந்தையைக் காண நாம் இமயத்தை நோக்கித்தான் செல்லவேண்டும்.

கல் தச்சர் பாறையைப் பிளக்கும் முறையை எண்ணிப் பாருங்கள். வரிசையாகக் குழிகள் வெட்டி, அவற்றில் இரும்பு ஆப்புகளைச் செருகிச் சம்மட்டியால் மாறி மாறி அடிப்பார்கள். குளிர் மலைகளில் பனிக்கட்டியே ஆப்பாகிறது. பகலில் உருகிய பனிநீர் பாறையின் வெடிப்புக்குள் இறங்குகிறது, இரவில் உறைகிறது. உறையும்போது நீரின் கன அளவு சுமார் 9 விழுக்காடு பெருகுகிறது. வெளியேற வழியில்லாத அப்பெருக்கம் வெடிப்பின் இருபுறச் சுவர்களையும் நெருக்குகிறது. மறுநாள் உருகும் நீர், அகன்றுவிட்ட வெடிப்பில் இன்னும் ஆழமாக இறங்குகிறது.

இவ்வளவோடு முடியவில்லை. வெடிப்பினுள் உறைந்த பனிக்கட்டி, பாறையின் நுண்துளைகளில் இன்னும் உறையாதிருக்கும் நீரைத் தன்பால் ஈர்த்துத் தானும் தடிக்கிறது. ஆதலின் நாள்தோறும் உறைந்து உருகவேண்டும் என்பதில்லை. உறைநிலைக்குச் சில டிகிரி கீழே நெடுநாள் நீடிக்கும் குளிரும் பாறையைப் பிளக்கவல்லது. லடாக்கிலும் ஸ்பிதியிலும் மலையடிவாரங்களில் கூர்மையான கற்கள் சரிவு சரிவாகக் குவிந்து கிடப்பது இதனால்தான்.

இதில் ஒரு புதிர் உண்டு. பாறையைப் பிளந்த அதே பனிக்கட்டி, பிளந்த துண்டுகளைச் சாந்து போல் பிணைத்தும் வைக்கிறது. பல ஆண்டுகளாக உறைந்தே கிடக்கும் சரிவுகளில் பனிக்கட்டி இளகினால், அப்பிணைப்பு தளர்கிறது. உலகம் வெப்பமடைந்து வரும் இக்காலத்தில் அறிஞர் கவலை கொள்வது இதைப் பற்றியே.

வைணவர்கள் திருப்பிரிதி என்று போற்றும் ஜோஷிமடத்துக்கு அருகே, சமோலி மாவட்டத்தில், 2021 பிப்ரவரி 7 அன்று நிகழ்ந்ததை நாடு மறந்திராது. ரோண்டி சிகரத்தின் செங்குத்தான வடமுகத்திலிருந்து ஏறத்தாழ 2.7 கோடி கன மீட்டர் பாறையும் பனிக்கட்டியும் பெயர்ந்து வீழ்ந்தன. அதில் ஐந்தில் நான்கு பங்கு பாறையே. வீழ்ச்சியின் உராய்வு வெப்பத்தால் பனிக்கட்டி உருகிச் சேற்று வெள்ளமாயிற்று. ரிஷிகங்கை, தபோவன் நீர்மின் திட்டங்கள் சிதைந்தன. 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். சுரங்கத்தில் பணிபுரிந்த தொழிலாளரும் அவர்களுள் அடங்குவர். பெயர்ந்த அப்பகுதியில் முந்தைய ஆண்டுகளிலேயே வெடிப்பு விரிந்து வந்ததை, விண்கோள் படங்களை ஆராய்ந்தோர் பின்னர் கண்டனர். இத்தகைய வீழ்ச்சிக்கு ஒன்றையே காரணமாகக் காட்டுதல் அரிது. எனினும், வெடிப்புகளை முன்கூட்டியே கண்காணிக்கவேண்டும் என்பது அதனால் விளங்கிற்று.

பத்ரிநாத யாத்திரைக்கு நம்மவர் பலர் செல்கின்றனர். கோயில் திறக்கும் வேனிற் காலமே பனி உருகும் காலமும் ஆகும். குளிரில் பிளந்த கற்கள் பிடிப்பிழந்து உதிரும் பருவம் அது. பிறகு மழை வந்து அவற்றை மேலும் தளர்த்துகிறது. ஆகவே, புதிதாக உதிர்ந்த கூர்ங்கற்கள் சாலையோரத்தில் தென்பட்டால், அவ்விடத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள், இளைப்பாறவும் அமராதீர்கள். வழியை மூடியிருப்பதாக அதிகாரிகள் அறிவித்தால் பொறுத்திருங்கள். தரிசனம் ஒருநாள் தாமதமாகலாம். அதனால் குறைவொன்றும் இல்லை.