விலையில்லா விளையாட்டின் விலை

சித்திரைப் புத்தாண்டு பிறந்தால் சிங்கள இல்லங்களிலே 'ஒலிந்த கெளிய' ஆடுவது பழைய வழக்கம். குழி குடைந்த பலகை ஒன்று, கைப்பிடி குன்றிமணி, அவ்வளவுதான். நம் பல்லாங்குழிக்கு அது உடன்பிறப்பு எனலாம். தச்சரிடம் ஒருமுறை வாங்கிய பலகையிலே பாட்டி முதல் பேர்த்தி வரை ஆடுவர். மறுநாள் தச்சர் வந்து, "இன்னும் நான்கு மணி வேண்டுமா? பணம் தாருங்கள்" என்று கேட்பதில்லை.

இக்காலக் கைப்பேசி விளையாட்டோ அவ்வாறு கேட்கின்றது! கட்டுகஸ்தோட்டையில் எமக்குத் தெரிந்த இல்லத் தலைவர் ஒருவருக்கு வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. அவருடைய பத்து வயது மைந்தன், இலவசமாய்ப் பெற்ற விளையாட்டொன்றில் வைரக் கற்கள் வாங்கியிருந்தான். ஓங்கிய கையை அன்னையார் தடுத்தார். "அவன் கள்ளனல்லன், கடைக்குள் நிற்கிறோம் என்பதே அவனுக்குத் தெரியவில்லை" என்றார்.

அச்சொல்லின் உண்மையை நாம் சிந்தித்தல் வேண்டும்.

விளையாட்டை ஆக்குதல் எளிய காரியமன்று. கதை புனைவோர், சித்திரக்காரர், இசையமைப்போர், கணினிக்குக் கட்டளை எழுதுவோர், பிழை தேடுவோர் எனப் பலர் கூட வேண்டும். பெரிய ஆக்கங்களுக்கு நூற்றுக்கணக்கானோர் பல்லாண்டு உழைக்கின்றனர். எனினும் யூனிட்டி, அன்ரியல் முதலிய ஆயத்த மென்பொருள்களின் துணையால் இன்று சிறு குழுவினரும் துணிந்து இறங்குகின்றனர். நம் நாட்டிலே அரிமாக் நிறுவனம் 'நீரோ', 'கஞ்சாயுத' ஆகியவற்றை ஆக்கியளித்தது. பேராதனையில் கணினிப் பொறியியல் பயிலும் நம் இளைஞர்க்கும் இத்தொழில் எட்டாக் கனியன்று.

விற்பனை முறைதான் பெரிதும் மாறிவிட்டது. முன்னர் விளையாட்டைப் பெட்டியில் அடைத்து விற்றனர். விலைபோகாத சரக்கு தேங்கியது. 1983ஆம் ஆண்டில் அட்டாரி நிறுவனம் அத்தகைய சரக்கை நியூ மெக்சிக்கோவில் மண்ணிலே புதைத்தது. 2014இல் அதைத் தோண்டியெடுத்தனர். 2003இல் ஸ்டீம், 2008இல் அப்பிளின் கைப்பேசிக் கடை எனத் தோன்றியபின் பெட்டியின் தேவை குறைந்தது. விற்பனையில் நூற்றுக்கு 30 பங்கு கடைக்காரருக்கு என்பதும் வழக்கமாயிற்று.

அடுத்து வந்தது 'இலவசம்' என்னும் உபாயம். ஆடுவோரில் மிகப் பெரும்பாலார் ஒரு சதமும் கொடுப்பதில்லை; கொடுக்கும் சிலரை நம்பியே வணிகம் நடக்கின்றது. ஆகவே காக்கவைத்துப் பொறுமையைச் சோதிப்பர். "இன்று மட்டுமே" என்று அவசரப்படுத்துவர். ரூபாயை வைரமாக்கி அதன் பெறுமதியை மறைப்பர். உள்ளே இருப்பதை அறியாமலே வாங்கும் அதிர்ஷ்டப் பெட்டிகள் சிலவற்றைப் பெல்ஜியம் 2018இல் சூதாட்டமெனத் தீர்த்தது. 'ஃபோர்ட்நைட்' விளையாட்டை நடத்தும் எபிக் நிறுவனம், வேண்டாத கொள்வனவுகளில் மக்களை வீழ்த்தியது என்ற குற்றச்சாட்டின்பேரில், 24 கோடி 50 இலட்சம் டொலர் செலுத்த 2022இல் அமெரிக்காவில் உடன்பட்டது.

பெற்றோரே, கைப்பேசியில் வங்கி அட்டையின் இலக்கத்தைப் பதிந்து வைக்காதீர்கள். ஒவ்வொரு கொள்வனவுக்கும் கடவுச்சொல் கேட்குமாறு அமைத்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளையின் அருகில் சற்று அமருங்கள்.

கட்டுகஸ்தோட்டைத் தந்தையார் அதையே செய்தார். "இதிலே கடை எங்கே இருக்கிறது, காட்டு மகனே" என்றார். இருவருமாய் எண்ணினர். ஒரே திரையில் ஐந்து கடைகள் இருந்தன!